படத்தை மறைத்துவிட்டு அட்டையைப் பாருங்கள்

கேட்டது இதுதான்: “முதல் சிறுகதைத் தொகுப்பை நானே அச்சிட்டு வெளியிடுகிறேன். தலைப்பு ‘பம்புசெட்டு ராத்திரி’. டெமி புத்தக அளவு, 144 பக்கம், முதலில் 200 பிரதி. கிண்டில் மின்னூலாகவும் போட எண்ணம். வடிவமைப்பாளர் மூன்று அட்டைகள் அனுப்பியிருக்கிறார். வாட்ஸப்பில் நண்பர்களுக்குக் காட்டினேன். முதல் அட்டைக்கு 11 பேர், இரண்டாவதுக்கு 6 பேர், மூன்றாவதுக்கு 2 பேர். எனக்கென்னவோ மூன்றாவது மேல்தான் கண். எதை வைத்து முடிவு செய்வது?”

மூன்றையும் பார்த்தேன். கூடவே நீங்கள் அனுப்பிய தலைப்புக் கதையையும் படித்தேன். படிக்காமல் அட்டையைப் பற்றிப் பேசுவது பெண்ணைப் பார்க்காமல் புடவை எடுக்கிற கதை. நான் இருபது வருடமாகச் சிறு பதிப்பகங்களுக்கு லே-அவுட்டும் அட்டையும் செய்துகொடுக்கிறவன். மோசமான அட்டைகளும் செய்திருக்கிறேன், அதில் ஒன்றைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த 11 ஓட்டை மறந்துவிடுங்கள். “எது பிடிச்சிருக்கு?” என்று கேட்டால் ஜனங்கள் படத்துக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். உங்கள் முதல் அட்டையில் முழுநிலா, நீல வயல், கிணற்றங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளைப் பாவாடைப் பெண். அதே படத்தைத் தினசரிக் காலண்டர் அட்டையாகக் காட்டியிருந்தாலும் 11 பேர் கை தூக்கியிருப்பார்கள். கேள்வியை மாற்றுங்கள். உங்கள் கதைகளைப் படிக்காத ஒருவரிடம் போனில் அட்டையைக் காட்டி, மனதுக்குள் மூன்று எண்ணி, போனைத் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: புத்தகத்தின் பெயர் என்ன? கதையா, கவிதையா, கட்டுரையா? எழுதினது யார்? ஐந்து பேரிடம் கேட்டால் போதும். அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் உங்கள் மனம் நோகாமல் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதை நானும் என் வீட்டில் செய்து பார்த்தேன். முதல் அட்டையைப் பார்த்தவர்கள் “நிலா இருந்துச்சு, ஒரு பொண்ணு, கவிதைப் புத்தகம்” என்றார்கள். மூன்றாவதை (மஞ்சள் அட்டை, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் கோட்டுச் சித்திரம்) பார்த்தவர்கள் “ஏதோ பம்புசெட்டு” என்றார்கள். அந்த ‘ஏதோ பம்புசெட்டு’ கையில் இருந்தாலே அட்டை பாதி வேலையை முடித்துவிட்டது.

இனி என் முறை. தமிழ் அட்டை எதைப் பார்த்தாலும் முதல் காரியமாகப் படத்தை ஒரு தாளால் மறைத்துவிடுவேன். மிஞ்சுகிற எழுத்து தானாக நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால் படம் சுமாராக இருந்தாலும் அட்டை தப்பிக்கும். எழுத்து நிற்கவில்லை என்றால் எவ்வளவு பெரிய ஓவியரின் படத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் தப்பிக்காது. சுயமாக வெளியிடுகிறவர்கள் அநேகமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படத்துக்கு ஒரு வாரம் தேடுகிறார்கள், தலைப்பைக் கடைசி அரைமணி நேரத்தில் எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே தட்டிவிடுகிறார்கள்.

தமிழ் எழுத்து அட்டையில் லேசில் அடங்காது. சொற்கள் நீளம். கேப்பிட்டல் எழுத்து கிடையாது. மேலே சுழி, கீழே வால், நடுவில் புள்ளி. உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பம்புசெட்டு’ ஒரு வரி, ‘ராத்திரி’ அடுத்த வரி. மேல் வரியில் ‘பு’வின் வால் கீழே இறங்குகிறது. கீழ் வரியில் ‘தி’க்கும் ‘ரி’க்கும் சுழி மேலே ஏறுகிறது, ‘த்’துக்குப் புள்ளி வேறு. இரண்டு வரியையும் நெருக்கி வைத்தால் வாலும் சுழியும் முட்டிக்கொள்ளும். விலக்கி வைத்தால் ஒரே தலைப்பு இரண்டு தலைப்பாகப் பிரிந்துவிடும். நல்ல வடிவமைப்பாளர் கீழ் வரியை வேண்டிய அளவு வலப்பக்கம் தள்ளி, வால் இறங்குகிற இடத்துக்கு நேரே சுழி இல்லாத எழுத்து வரும்படி செய்வார். உங்கள் மூன்றாவது அட்டையில் இது நடந்திருக்கிறது, பாருங்கள்: ‘பு’வின் வால் ‘ரா’வுக்கு முன்னால் உள்ள காலி இடத்தில் விழுகிறது. தற்செயலாக வந்தது என்று நான் நம்பவில்லை. இதைச் செய்தவருக்குக் கண் இருக்கிறது.

அடுத்தது புள்ளி. உங்கள் தலைப்பில் மூன்று புள்ளிகள். அட்டையைப் போனில் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினால் இரண்டாவது அட்டையில் அந்த மூன்றும் காணாமல் போகின்றன. ‘பமபுசெடடு ராததிரி’ என்றுதான் தெரிகிறது. கிண்டில் கடையில் உங்கள் அட்டை கண்ணில் படப்போவது அந்த அளவில்தான். மெல்லிய எழுத்துருக்களில் புள்ளியும் மெலிந்துவிடும். கனத்த எழுத்துருக்களில் புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிப்போகும். நடுத்தரக் கனம்தான் பெரும்பாலும் பிழைக்கும்.

தலைப்பை ஒன்றன்கீழ் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்குவது ஒரு வியாதி. இங்கிலீஷில் தனித்தனி எழுத்தாக அடுக்கலாம். தமிழில் ‘செ’ என்றால் கொம்பு ஒரு வரியிலும் ‘ச’ அடுத்த வரியிலும் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அச்சாகி, வெளியீட்டு விழா மேடையில் பேனராகவும் தொங்கியது. அதேபோல எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டுவது. இடம் மிச்சமிருக்கிறது என்று பக்க ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நெட்டுக்கோடு தடித்து, கிடைக்கோடு மெலிந்து, ‘ட’ கட்டில் மாதிரி ஆகிவிடும். வேறு கனம் வேண்டுமென்றால் வேறு எழுத்துருவை எடுக்க வேண்டியதுதான்.

விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதாவில் தலைப்பு வைக்காதீர்கள். லதா கெட்ட எழுத்துரு இல்லை, ஆனால் அதில் எது எழுதினாலும் தாலுகா ஆபீஸ் சுற்றறிக்கை ஞாபகம் வருகிறது. இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. கூகிள் எழுத்துருத் தளத்தில் கேட்டமரன், முக்த மலர், பாலூ தம்பி, அனெக் தமிழ், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அட்டையில் போட்டு விற்கலாம், யாரும் பணம் கேட்க மாட்டார்கள். உருண்டையான பாலூ தம்பி சிறுவர் புத்தகத்துக்குப் பொருந்தும், மரண வீட்டுக் கதைக்குப் பொருந்தாது. இவ்வளவு பார்த்தால் போதும், எழுத்துருவுக்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது என் குற்றம். பல வருடத்துக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்பு. தலைப்பில் ‘தோ’ என்ற எழுத்து. கோரல்டிரா மென்பொருளில் செய்து, எழுத்தைக் கர்வ் பண்ணாமல் (அதாவது எழுத்துருவைச் சாராத கோட்டு வடிவமாக மாற்றாமல்) அப்படியே கோப்பைக் கொடுத்துவிட்டேன். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. வேறு எழுத்துரு உள்ளே புகுந்தது, கொம்பு காணாமல் போய் ‘தா’ ஆனது. 300 அட்டை அடித்து, லேமினேஷனும் முடிந்துவிட்டது. கவிஞர் ஊரிலிருந்து பஸ் ஏறிவிட்டார். ராத்திரி முழுக்க நானும் பைண்டிங் பையனும் உட்கார்ந்து தலைப்பின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். அதற்குப் பிறகு கர்வ் பண்ணாத கோப்பு என் கையைவிட்டு வெளியே போனதில்லை. யூனிகோடில் வேலை செய்கிறவர்களுக்கு வேறொரு குழி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் (பெங்களூரிலோ மும்பையிலோ இருந்து செய்கிறவர்கள் உண்டு) அவருக்கு அது பிழை என்றே தெரியாது. தெரிய வேண்டியது உங்களுக்கு.

எழுத்து மட்டுமே வைத்து அட்டை செய்வது காசில்லாதவன் வழி என்று நினைக்க வேண்டாம். 1935இல் இங்கிலாந்தில் பெங்குவின் ஆறு பென்னி விலையில் புத்தகங்களைக் கொண்டுவந்தபோது அட்டையில் படமே கிடையாது. மேலும் கீழும் ஒரு நிறப் பட்டை, நடுவே வெள்ளையில் தலைப்பு. ஆரஞ்சு என்றால் நாவல், பச்சை என்றால் துப்பறியும் கதை, கருநீலம் என்றால் வாழ்க்கை வரலாறு. 1947இல் யான் சிகோல்ட் என்ற எழுத்தமைப்பு நிபுணர் அங்கே வந்து செய்த முக்கியமான வேலையே எழுத்துக்கு நடுவில் இருந்த இடைவெளிகளைச் சரிசெய்ததுதான். இங்கே 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம், அட்டை, தாள், எழுத்தளவு மூன்றையும் ஒரே வேலையாகப் பார்த்தது. ஓவியர் கே.எம். ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் கையால் எழுதிக்கொடுத்த தலைப்புகளைப் பாருங்கள். தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே எடுபட்டது என்று தெரியும். எழுத்தே படமாக நிற்கும். ஆனால் இன்றைக்கு அதைப் போலிசெய்து கோணல்மாணலாக எழுதி ‘இலக்கிய அட்டை’ என்கிறார்கள். ஆதிமூலத்தின் கோணலுக்குப் பின்னால் வருடக்கணக்கான கோட்டுச் சித்திரப் பயிற்சி இருந்தது. (பழைய காலத்தைக் காட்ட நினைக்கிறவர்களுக்கு ஒரு வழி: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களைக் கையால் வரைந்து வைக்கலாம். துதிக்கை வைத்த ஒரு ‘லை’ போதும், வாளும் யானையும் வேண்டாம்.)

சரி, எழுத்து நின்றது. அடுத்து, அட்டையை எங்கே வைத்துப் பார்ப்பார்கள்?

சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது. ஜனவரியில் அங்கே போனால் வடிவமைப்பாளர்கள் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேஜையைப் பார்க்க வேண்டும். புத்தகங்கள் மல்லாந்து கிடக்கின்றன. வருகிறவர் நடந்துகொண்டே நான்கடி தூரத்திலிருந்து, மேலேயிருந்து, சாய்வாகப் பார்க்கிறார். பக்கவாட்டுச் சுவர்த் தட்டுகளில் படிபடியாக அடுக்கியிருந்தால் பின்வரிசைப் புத்தகத்தின் மேல்பாதி மட்டும்தான் வெளியே தெரியும். தலைப்பைக் கீழே வைத்த அட்டைகளை முன்வரிசைப் புத்தகம் முழுசாக மறைத்துவிடும். உங்கள் இரண்டாவது அட்டையில் தலைப்பு கீழே இருக்கிறது. பின்வரிசையில் போய்விட்டால் வானமும் கம்பிவேலியும்தான் தெரியும். மூன்று அட்டைகளையும் அசல் அளவில் சாதாரணக் கலர் பிரிண்ட் எடுத்து, வீட்டில் இருக்கிற டெமி புத்தகங்கள் மேல் சுற்றி, மற்ற புத்தகங்களோடு தரையில் பரப்பி நின்றுகொண்டே பாருங்கள். கணினித் திரையில் தனியாகப் பார்க்கும்போது எந்த அட்டையும் ராஜா மாதிரிதான் இருக்கும்.

நூலகத்திலும் வீட்டு அலமாரியிலும் தெரிவது முதுகு மட்டும். நூலகங்களில் முதுகின் அடிப்பகுதியில் எண் ஒட்டுவார்கள், அதனால் அங்கே எழுத்தாளர் பெயரை வைக்காதீர்கள். 144 பக்கம் என்றால் 72 தாள். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் (புத்தகம் அடிக்கிற வழக்கமான வெள்ளைத் தாள்) ஒரு தாள் சுமார் 0.09 மில்லிமீட்டர் வரும், ஆக முதுகு ஆறரை மில்லிமீட்டர். இது கணக்குதான். அச்சகத்தில் அதே தாளில் எழுத்தில்லாத ஒரு டம்மிப் புத்தகம் கட்டித் தரச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். கடைசி நேரத்தில் தாளை மாற்றிவிட்டு முதுகை மாற்ற மறந்தால் முதுகிலிருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டையில் எட்டிப்பார்க்கும். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் (முதுகில் பசை வைத்து அட்டையை ஒட்டுகிற கட்டு) அட்டை ஒரு மில்லிமீட்டர் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நகரத்தான் செய்யும். உங்கள் மூன்றாவது அட்டையில் முன்பக்கம் மஞ்சள், முதுகு கறுப்பு. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் மஞ்சள் அட்டையின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழும், 200 பிரதியிலும் 200 விதமாக. முதுகையும் மஞ்சளாகவே ஓடவிடச் சொல்லுங்கள். 200 பிரதி என்றால் அநேகமாக டிஜிட்டல் பிரிண்ட்தான். அதில் மடிப்பின் மேல் அடர்ந்த கறுப்பு வந்தால் நாளடைவில் வெடித்து வெள்ளைக் கீறலாகத் தெரியும், அதுவும் ஒரு காரணம்.

போன் திரை மூன்றாவது இடம். கிண்டிலுக்கு அமேசான் சொல்லும் அளவு 2560 பிக்சல் உயரம், 1600 பிக்சல் அகலம். டெமி அட்டை அதைவிடச் சற்று அகலமான விகிதம், அதனால் அச்சு அட்டையை அப்படியே இழுத்துப் பொருத்தாமல் தனியாக அமைக்க வேண்டும். கிண்டில் கருவியில் படிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அட்டை கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். எனவே மூன்றையும் போனிலேயே கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். இங்கேதான் உங்கள் மூன்றாவது அட்டையும் ஒரு அடி வாங்குகிறது. ஸ்டார்ட்டர் பெட்டியின் கோட்டுச் சித்திரத்தில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் கலரில் இருக்கின்றன அல்லவா? கலரை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே சாம்பல். எது ஆன், எது ஆஃப் என்று தெரியாது.

முதல் அட்டைக்கு வருகிறேன். அது ஏஐ போட்ட படம் என்று வடிவமைப்பாளர் சொல்லாமலேயே தெரிகிறது. கிணற்றைப் பாருங்கள். வட்டமான கல்சுவர், மேலே ஓடு வேய்ந்த சின்னக் கூரை, குறுக்குக் கட்டையில் மரவாளி. இது வெள்ளைக்காரன் தேவதைக் கதையில் வரும் கிணறு. நம் பக்கத்துப் பம்புசெட்டுக் கிணற்றுக்கு மோட்டார் ரூம் இருக்கும், தொட்டி இருக்கும், ஆறு அங்குலப் பைப் இருக்கும், கரண்டுக் கம்பம் இருக்கும். உங்கள் கதையில் நடுராத்திரி திரீ-ஃபேஸ் வருகிற நேரத்துக்காக அப்பா விழித்துக் கிடந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் போகிறார். அந்தக் கதையில் வெள்ளைப் பாவாடைக்கு என்ன வேலை? அட்டையை நம்பி வாங்குகிற ஆள் காதல் கதையையோ பேய்க் கதையையோ எதிர்பார்த்து வருவார், நாற்பதாவது பக்கத்தில் உங்களைத் திட்டுவார். ஏஐ கூடவே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஆனால் உள்ளூர்ப் பொருளை அது போட்டால் ஒன்றுக்கு இரண்டு தடவை உற்றுப்பாருங்கள். கலப்பை, உரல், வண்டிச் சக்கரம், கிணறு எல்லாவற்றிலும் அசலூர் வாடை அடிக்கும். இன்னொன்று, 2023 செப்டம்பரிலிருந்து கிண்டிலில் புத்தகம் ஏற்றும்போது அட்டைப்படம் ஏஐ செய்ததா என்று கேட்கிறார்கள். மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அந்த நீலத்தையும் நம்பாதீர்கள். திரையில் ஜொலிக்கிற நீலம் அச்சு மையில் வராது. சயான் (வெளிர்நீல) மையும் மெஜந்தா (ரோஜாச் சிவப்பு) மையும் சரிக்குச் சமமாக இருந்தால் நீலம் கத்தரிப்பூ நிறமாகத்தான் இறங்கும். மெஜந்தாவைக் குறைத்தால்தான் நீலம் நீலமாக நிற்கும். அதோடு இருண்ட அட்டைக்கு மேட் லேமினேஷன் போட்டால் கைரேகையும் நகக்கீறலும் அப்படியே தெரியும். நாலு பேர் புரட்டிய பிரதி பழைய புத்தகக் கடைக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிடும். மஞ்சளில் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது அட்டை, துருப்பிடித்த மோட்டார் புகைப்படம். படம் நல்ல படம், எடுத்தவருக்கு ஒரு சபாஷ். ஆனால் எடுத்தவர் யார்? வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். “கூகிள்ல எடுத்தேன் சார்” என்று பதில் வந்தால் அந்த அட்டை அங்கேயே முடிந்தது. இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவசம் இல்லை. நம் சட்டப்படி படைத்தவர் வாழ்நாளும் இறந்தபின் 60 வருடமும் உரிமை உண்டு. ரவிவர்மா 1906இல் இறந்துவிட்டதால் அவர் ஓவியங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், போட்டுப் போட்டுத்தான் அந்தப் பெண்கள் பாதி தமிழ்ப் புத்தகங்களில் வீணை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். படம் உங்கள் நண்பர் எடுத்தது என்றால் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், படத்தை வாட்ஸப்பில் வாங்காதீர்கள். டெமி அட்டை முழுக்கப் படம் வைக்க வெட்டிப்போகும் ஓரமும் சேர்த்து ஏறத்தாழ 1750க்கு 2650 பிக்சல் வேண்டும். வாட்ஸப் படத்தைப் பிழிந்து சக்கையாக்கித்தான் அனுப்பும். மனித முகம் இருந்தால் அந்த மனிதரிடமும் கேட்க வேண்டும். சிறுகதைத் தொகுப்பு என்றாலே சுருக்கம் விழுந்த ஒரு பாட்டியின் முகத்தைப் போடுகிறார்கள். அந்தப் பாட்டிக்குப் பேரன் இருக்கிறான், அவன் புத்தகக் காட்சிக்கு வருகிறான்.

இரண்டாவதின் நிஜமான கோளாறு படத்தில் இல்லை. சாம்பல் நிறத் துருவின் மேல் வெள்ளை எழுத்து. வெளிச்சமான இடத்துக்கு வந்ததும் ‘ராத்திரி’ கரைந்துபோகிறது. அதைச் சமாளிக்க எழுத்துக்கு நிழல் போட்டிருக்கிறார், நிழலும் போதாமல் வெளிக்கோடு போட்டிருக்கிறார். எழுத்துக்கு நிழலும் வெளிக்கோடும் தேவைப்படுகிறது என்றாலே அது தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இலக்கியப் புத்தக அட்டைதான் உசத்தி என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்டைக்கலையில் எனக்குப் பாடம் நடத்தியவை மாத நாவல்கள். 1969இல் ராணி முத்து வந்ததிலிருந்து எத்தனை மாத நாவல்கள், எல்லாம் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கிளிப் மாட்டிக் கயிற்றில் தொங்கியவை. பஸ் கிளம்ப மூன்று நிமிஷம், வாங்குகிறவர் கையில் சில்லறை. அந்த மூன்று நிமிஷத்தில் இது குடும்பக் கதையா, கொலைக் கதையா, யார் எழுதியது என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தாக வேண்டும், தெரிந்தது. எழுத்தாளர் பெயர் தலைப்பைவிடப் பெரிதாக இருக்கும், ஏனென்றால் வாங்குகிறவர் கேட்டதே அந்தப் பெயரைத்தான். உங்கள் பெயரை இன்னும் யாரும் கேட்கவில்லை. அதனால் முதல் புத்தகத்தில் தலைப்பு பெரிது, பெயர் சிறிது. ஆனால் ‘சிறுகதைகள்’ என்ற ஒற்றைச் சொல் எங்காவது இருக்கட்டும். மூன்று அட்டையிலும் அது இல்லை. ‘பம்புசெட்டு ராத்திரி’ என்றால் நாவல் என்றும் நினைக்கலாம், விவசாய மானியம் பற்றிய கட்டுரை என்றும் நினைக்கலாம்.

பின்னட்டையைப் பற்றி அதிகம் இல்லை. ஆறு வரிக்கு மேல் வேண்டாம். வாழ்த்துரை வேண்டாம், எத்தனை விருது வாங்கினீர்கள் என்ற பட்டியல் வேண்டாம். கதையிலிருந்தே நாலு வரி எடுத்துப் போடுங்கள், அப்பா மோட்டார் ரூம் கதவைத் திறக்கிற இடம் சரியாக இருக்கும். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, யாருக்கும் காசு கொடுத்து வாங்காதீர்கள். பார்கோடைச் சுற்றி வெள்ளை இடம் விடுங்கள், கோடுகள் கறுப்பாகவே இருக்கட்டும். சில பேர் அழகுக்காகச் சிவப்பில் அடிக்கிறார்கள், ஸ்கேனரின் சிவப்பு விளக்குக்கு அது தெரியவே தெரியாது.

ஆக, உங்கள் கண் சரி. மூன்றாவதை எடுங்கள். அப்படியே எடுக்காதீர்கள், நாலு திருத்தம் கேளுங்கள். முதுகும் பின்னட்டையும் மஞ்சளிலேயே ஓடட்டும். தலைப்பு கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கட்டும். நாலு மையும் கலந்த கறுப்பு வேண்டாம், கொஞ்சம் பிசகினாலும் புள்ளிகளின் ஓரம் மங்கும். ‘சிறுகதைகள்’ என்ற சொல் தலைப்புக்குக் கீழே, வலது ஓரத்தில். நாலாவது அந்தப் பொத்தான்கள். சிவப்பைக் கோட்டுச் சித்திரமாகவே விட்டுவிட்டு, பச்சையை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். ஒன்று நிரம்பியும் ஒன்று காலியாகவும் இருந்தால் கறுப்பு வெள்ளையிலும் தெரியும். அதோடு உங்கள் கதையில் அப்பா விரல் வைப்பதும் பச்சையில்தானே.

அச்சுக்குப் போவதற்கு முன் அதே மெஷினில், அதே அட்டைத்தாளில், லேமினேஷனோடு ஒரே ஒரு அட்டை அடித்துத் தரச் சொல்லிப் பாருங்கள். அச்சகத்துக்காரர் முணுமுணுப்பார், காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். வடிவமைப்பாளரிடம் கர்வ் பண்ணிய கோப்பையும் பண்ணாத மூலக் கோப்பையும் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது அவர் போன் நம்பர் மாறியிருக்கும். அவர் பெயரைப் பதிப்புரிமைப் பக்கத்தில் ‘அட்டை வடிவமைப்பு’ என்று தனி வரியில் போடுங்கள், ‘புகைப்படம்: இணையம்’ என்று போடுகிற புத்தகங்களுக்கு நடுவில் அது கண்ணில் படும்.